சின்ன விமானத்து ஜன்னலுக்கு எந்த பிளாஸ்டிக்? அடிக்கடி கேக்கற கேள்விங்களும் பதிலும்

சின்ன விமானங்களோட முன்கண்ணாடி, பக்கத்து ஜன்னல் இதையெல்லாம் கழட்டி மாட்டற வேலையில ரொம்ப வருசம் இருந்தவன் நானு. இப்ப சூலூருக்கு பக்கத்துல குடியிருக்கறேன், ஏரோ படிக்கற பசங்களும் அம்மிணிகளும், மைக்ரோலைட் (ஒண்ணு ரெண்டு பேர் போற ரொம்ப லேசான விமானம்) வெச்சிருக்கறவங்களும், காலேஜ் ப்ராஜெக்ட்டுக்கு கிளைடர் (இன்ஜின் இல்லாத விமானம்) கட்டற டீமும் வந்து கேக்கறது முக்கால்வாசி ஒரே கேள்வியா இருக்கறதால மொத்தமா இங்க எழுதி வெச்சிட்டேன். கண்ணாடின்னு வாயில சொன்னாலும் சின்ன விமானத்துல இருக்கறது கண்ணாடி இல்லீங்க, பிளாஸ்டிக். அதுல எது, எப்படிங்கறதுதான் பேச்சே.

ஏனுங்கண்ணா, மொதல்ல எந்த ஷீட் வாங்கறதுன்னு சொல்லுங்க?

ஷீட்டுக்கு முன்னாடி நான் ஒண்ணு கேக்கோணும், விமானம் எதுங்க? விடி-ன்னு ஆரம்பிக்கற பதிவு எண் போட்டு பறக்கற விமானம்னா, அது செஸ்னா 152 ஆனாலும் சரி மைக்ரோலைட் ஆனாலும் சரி, நம்ம இஷ்டத்துக்கு ஷீட் வாங்கி வெட்டி மாட்ட முடியாது. அந்த விமானத்தோட பார்ட்ஸ் புக்குல என்ன பார்ட் நம்பர் இருக்குதோ அதுவோ, இல்லைன்னா அதுக்கு பதிலா பிஎம்ஏ அனுமதி (வேற கம்பெனி செய்யற பார்ட்டுக்கு அமெரிக்காவுல தர அனுமதி) வாங்கின பார்ட்டோதான் போடோணும், கூடவே பார்ட்டு சரியானதுதான்னு சொல்ற ரிலீஸ் சர்டிஃபிகேட் வரோணும் (நம்மூர்ல சிஏ ஃபார்ம் 1, அமெரிக்காவுல இருந்து வந்தா 8130-3, ஐரோப்பான்னா ஈஏஎஸ்ஏ ஃபார்ம் 1), மாட்டினதுக்கு லைசென்ஸ் வெச்சிருக்கற ஏஎம்இ (விமானப் பராமரிப்பு இன்ஜினியர்) கையெழுத்து போடோணும். அமெரிக்காக்காரங்க ஓனரே பார்ட் செஞ்சுக்கலாம்னு எழுதறதை படிச்சிட்டு வந்து கேக்கறாங்க, அது அவங்க ஊர் சட்டமுங்க, இங்க அதை காட்டி தப்பிக்க முடியாது.

அப்ப எதுக்கு மெட்டீரியல் பத்தி தெரிஞ்சுக்கோணும்னு கேட்டா, வந்த பார்ட்டு சரியான பார்ட்டான்னு கண்ணால பாத்து சொல்லவும், மாட்டறப்ப அதை கெடுக்காம இருக்கவும் தெரிஞ்சுதான் ஆகோணும். என்ற அனுபவத்துல ஜன்னல் கெட்டுப் போறது ஷீட் தப்பா வாங்கினதால ரொம்ப கம்மி, தப்பா மாட்டினதாலயும் தப்பா தொடச்சதாலயும்தான் ஜாஸ்தி.

அக்ரிலிக், பெர்ஸ்பெக்ஸ், பிளெக்ஸிகிளாஸ் எல்லாம் வேற வேறயா?

எல்லாம் ஒண்ணேதான், பாலிமெத்தில் மெத்தாக்ரிலேட், சுருக்கமா பிஎம்எம்ஏ. ஜெர்மனியில ரோம் அண்ட் ஹாஸ் கம்பெனி வெச்ச பேரு பிளெக்ஸிகிளாஸ், இங்கிலாந்துல ஐசிஐ வெச்சது பெர்ஸ்பெக்ஸ். 1930கள்ல வந்த சாமான், இன்னிக்கு வரைக்கும் சின்ன விமான ஜன்னல்னா இதுதான். எடை கண்ணாடியில பாதிகூட வராது, வெளிச்சத்துல 92 சதவீதம் உள்ள விடும், வெயில்ல வருசக்கணக்கா நின்னாலும் லேசுல மஞ்சளாகாது.

இதுல ஒரு சேதி சொல்லியே ஆகோணும். 1940ல பிரிட்டன் மேல நடந்த வான் சண்டையில கார்டன் கிளீவர்னு ஒரு ஹரிக்கேன் பைலட்டோட விமானத்துல குண்டு பட்டு பெர்ஸ்பெக்ஸ் செதறி, சில்லெல்லாம் அவரு கண்ணுக்குள்ள போயிருச்சு. ஹரால்ட் ரிட்லிங்கற கண் டாக்டர் பாத்தப்ப, அந்த சில்லு கண்ணுக்குள்ள இருந்தும் கண்ணு அதை எதிர்த்து வீங்கலைன்னு தெரிஞ்சுது. அதுல இருந்து யோசிச்சு 1949 நவம்பர் 29ல லண்டன்ல மொத மொதல்ல கண்ணுக்குள்ள வெக்கற லென்ஸை அதே பொருள்ல செஞ்சு வெச்சாரு. நம்ம ஊட்டு அப்பத்தாவுக்கு கண்புரை எடுத்துட்டு லென்ஸ் வெக்கறாங்களே, அதோட பொறப்பு விமான ஜன்னல்லதான் இருக்குது. அதை நெனச்சுத்தான் எனக்கு இந்த பிளாஸ்டிக் மேல ஒரு மரியாதை.

போர்டு கடையில கிடைக்கற அக்ரிலிக் ஷீட் ஆகாதா? பாக்க ஒரே மாதிரிதான இருக்குது?

பாக்க ஒரே மாதிரிதான் இருக்கும், அதுதான் வம்பு. அக்ரிலிக் ஷீட்டுல ரெண்டு ஜாதி. ரெண்டு கண்ணாடித் தட்டுக்கு நடுவுல ஊத்தி உறைய வெச்சு எடுக்கறது காஸ்ட் ஷீட். மெஷின்ல உருக்கி தள்ளி பட்டையா இழுக்கறது எக்ஸ்ட்ரூடட். இழுத்ததுல உள்ளயே ஒரு இழுவிசை தங்கிருக்கும், மூலக்கூறு சங்கிலியும் நீளம் கம்மி, ஸ்க்ரூ இறுக்கினா, கொஞ்சம் பெட்ரோல் வாடை பட்டா, வெடுக்குன்னு விரிசல் விட்டுரும். விமானத்துக்கு காஸ்ட்தான்.

கண்டுபிடிக்க சுலபமான வழி இருக்குதுங்க. ட்ரில் போடறப்ப காஸ்ட் ஷீட்டுல இருந்து ஒலர்ந்த சுருளும் தூளும் வரும், எக்ஸ்ட்ரூடட்டுல உருகி பிட்டு மேல நூலா சுத்திக்கும். லேசர் கட்டிங் கடையில ஒரு ஓரத்துல எழுத்து பொறிச்சு பாருங்க, காஸ்ட்னா வெள்ளையா பனி படிஞ்ச மாதிரி விழும், மத்ததுல எழுத்து தெளிவாவே இருக்காது. கோயமுத்தூர்ல நேம் போர்டு பண்ற பசங்களுக்கு இது அத்துபடி, அவங்கள கேட்டாலே சொல்லிருவாங்க.

ஆனா காஸ்ட்னா மட்டும் போதாது. விமானத்துக்குன்னு அமெரிக்க ராணுவ ஸ்பெக் இருக்குது. மில்-பி-5425ன்னா சூடு தாங்கற சாதா காஸ்ட் அக்ரிலிக், மில்-பி-8184ன்னா சங்கிலிகளுக்கு நடுவுல குறுக்குப் பிணைப்பு போட்டது, க்ரேஸிங்கும் (நுணுக்கு விரிசல்), தின்னர் பெட்ரோல் மாதிரி கரைப்பானும் இன்னும் நல்லா தாங்கும். (இப்ப புது பேப்பர்ல மில்-பிஆர்எஃப்னு வரும், நம்பர் அதேதான்.) சர்டிஃபிகேட்ல இந்த நம்பர் இல்லைன்னா, கடைக்காரர் எத்தனை சத்தியம் பண்ணினாலும் அது பூஜை ரூம் கதவுக்குத்தான்.

பாலிகார்பனேட் சுத்தியல்ல அடிச்சாலும் உடையாதே, அதையே போட்டா என்னங்க?

இதை கேக்காத ஆளே இல்லை. லெக்ஸான், மேக்ரோலான்னு பேர் கேட்டிருப்பீங்க, அதுதான் பாலிகார்பனேட். அடி தாங்கறதுல அக்ரிலிக் அது பக்கத்துலகூட நிக்க முடியாது, அது நெசம். எஃப்-16 போர் விமானத்துல பைலட் தலைக்கு மேல இருக்கற கண்ணாடிக் கூண்டுகூட பாலிகார்பனேட்தான். ஆனா அதுக்கு மேல ஏகப்பட்ட கோட்டிங்கும் கவனிப்பும் இருக்குது, நமக்கு வர ஷீட்டுல அது இருக்காது.

ஒரு சோதனை சொல்றேன், காத்தோட்டமான எடத்துல பண்ணுங்க, கண்ணுக்கு கண்ணாடி போட்டுக்கங்க. ஒரு விரல் அகலத்துல பாலிகார்பனேட் பட்டை வெட்டி, வில்லு மாதிரி லேசா வளைச்சு ரெண்டு முனையும் கிளாம்ப்ல புடிங்க. சுத்தியல் எடுக்க வேண்டாம். வளைவோட மேல் முதுகுல பஞ்சுல தொட்டு கொஞ்சம் தின்னர் தடவுங்க, அவ்வளவுதான். கொஞ்ச நேரத்துல அந்த முதுகுல குறுக்கால மயிர் மயிரா கோடு விழும், பாத்துட்டே இருக்கறப்ப பட்டை ரெண்டா போயிரும். அத்தனை அடி தாங்கற சாமான் ஒரு சொட்டு தின்னருக்கு தாங்கலை. பெட்ரோல்ல இருக்கற அரோமேட்டிக் சமாசாரமும் இதே வேலையைத்தான் பண்ணும், ரெக்கையில டேங்க் இருக்கற விமானத்துல முன்கண்ணாடி மேல பெட்ரோல் சிந்தாம இருக்கும்னு யாராலயும் சொல்ல முடியாது.

நான் நேர்ல பாத்த ஒண்ணு. ஒரு டீம் பாலிகார்பனேட்டை அழகா வெட்டி மாட்டினாங்க, ஸ்க்ரூ கழண்டுக்க கூடாதுன்னு நல்ல எண்ணத்துல எல்லா ஸ்க்ரூவுக்கும் ஒரு சொட்டு த்ரெட்லாக்கர் பசை விட்டாங்க. மறுநாள் காலையில வந்து பாத்தா ஒவ்வொரு ஓட்டையைச் சுத்தியும் சூரியன் படம் போட்ட மாதிரி விரிசல். அந்தப் பசங்க மொகத்தை பாக்க முடியலைங்க. பாலிகார்பனேட்டுக்கு பக்கத்துலயே த்ரெட்லாக்கரை கொண்டு போகாதீங்க, அக்ரிலிக்குக்கும் அதேதான்.

இதுக்கு மேல, சாதா பாலிகார்பனேட் வெயில்ல மஞ்சளாகும், நகம் பட்டாலே கீறல் விழும், அதை பாலிஷ் போட்டு எடுக்கறதும் கஷ்டம். ஹார்ட் கோட் போட்ட ஷீட் கீறலுக்கு நல்லது, ஆனா பொதுவா அதை சூடு பண்ணி வளைக்க முடியாது, கோட்டிங் வெடிச்சிரும்.

அப்ப பாலிகார்பனேட் எங்கயுமே ஆகாதா?

ஆகும். வடிவமைச்சவரே அதைச் சொல்லிருந்தா போடுங்க. சில மைக்ரோலைட்டுல மெல்லிசு ஷீட்டை சும்மா வளைச்சு ஃப்ரேம்ல சொருகற மாதிரி டிசைன் இருக்கும், அங்க அக்ரிலிக் போட்டா உடையும். யூவி பாதுகாப்பு ஒரு பக்கம் மட்டும் இருந்தா, எந்தப் பக்கம் வெளிய வரோணும்னு மேல ஒட்டின படத்துல எழுதிருக்கும், கிழிச்சு போடறதுக்கு முன்னாடி குறிச்சுக்கங்க.

3டி பிரிண்டுக்கு நூலா வாங்கற பெட்ஜி பிளாஸ்டிக், அதோட ஷீட் ஆகுமா?

வேண்டாமுங்க. 80 டிகிரி பக்கத்துலயே கொழகொழன்னு ஆயிரும். சித்திரை வெயில்ல கரூர் பக்கம் ஒரு மதியம் மூடி நிறுத்தின விமானத்துக்குள்ள டேஷ்போர்டு எப்படி கொதிக்கும்னு கையை வெச்சு பாத்தவங்களுக்கு தெரியும்.

ஸ்ட்ரெட்ச்டு அக்ரிலிக்னு ஒண்ணு இருக்குதாமே?

அக்ரிலிக் ஷீட்டை சூட்டுல நாலா பக்கமும் இழுத்து அப்படியே குளிர வெச்சது, மில்-பி-25690. விரிசல் விழுந்தாலும் லேசுல ஓடாது, அதனால பெரிய பயணிகள் விமானத்து ஜன்னலெல்லாம் இதுதான். ஆனா 110 டிகிரிக்கு மேல சூடு காட்டினா பழையபடி சுருங்கிக்கும், நம்ம ஒர்க்‌ஷாப்ல வளைக்கற சாமான் கிடையாது. கேபின்ல காத்தழுத்தம் ஏத்தற விமானம்னா ஜன்னலைத் தொடவே தொடாதீங்க, கம்பெனி பார்ட்டை மட்டும் மாட்டுங்க.

தடிமன் ஜாஸ்தி போட்டா சத்தம் கம்மியாகுமா?

ஆகும். பக்கத்து ஜன்னல் பொதுவா 3.2 மி.மீ., முன்கண்ணாடி 4.8 இல்ல 6.4 வரைக்கும் பாத்திருக்கறேன். 3.2ல இருந்து 4.8க்கு போனா ஒரு சதுர மீட்டருக்கு கிட்டத்தட்ட 1.9 கிலோ ஏறும். பறக்கறவங்களுக்கு பெருசா தெரியாது, ஆனா ஒரிஜினல் தடிமனை மாத்தறது டிசைனை மாத்தற மாதிரி, அதுக்கு தனியா எஸ்டிசி அனுமதி வேணும். ஃப்ரேம் காடியில (ஷீட் உக்கார்ற பள்ளத்துல) அது நொழையுமான்னும் பாக்கோணும், இழைச்சு நொழைச்சா ஓரம் பலவீனமாயிரும்.

கார் மாதிரி கூலிங் ஃபிலிம் ஒட்டலாமா?

ஒட்டாதீங்க. ஃபிலிம் பசையும் அடியில தேங்கற சூடும் சேந்து பிளாஸ்டிக்கை கெடுக்கும், நாளைக்கு உரிக்கறப்ப இன்னும் கெடும். கலர் வேணும்னா ஷீட்டுலயே சாயம் கலந்து வர பச்சையோ சாம்பலோ வாங்குங்க. அமெரிக்க விமானத்துறை எஃப்ஏஏ சின்ன விமானத்துக்குப் போட்ட பழைய பார்ட் 23 விதியில, பைலட் முதுகுக்கு முன்னாடி இருக்கற ஜன்னல்ல வெளிச்சம் 70 சதவீதத்துக்கு கொறையக் கூடாதுன்னு இருந்துச்சு.

ஸ்க்ரூவை நல்லா இறுக்கினாத்தான தண்ணி உள்ள வராது?

இந்த நெனப்புதான் ஜன்னலை கொல்லுது, கொஞ்சம் பொறுமையா படிங்க.

அக்ரிலிக் சூட்டுல விரியறது அலுமினியத்தைவிட மூணு மடங்கு. 600 மி.மீ. நீள ஜன்னலை எடுத்துக்கங்க. வெயில்ல நின்னு 60 டிகிரிக்கு போன ஜன்னல், மேல ஏறி 20 டிகிரி காத்துக்கு வந்துச்சுன்னா 40 டிகிரி வித்தியாசம். அக்ரிலிக் 1.7 மி.மீ. சுருங்கும், அதைப் புடிச்சிருக்கற அலுமினிய ஃப்ரேம் அரை மி.மீ.க்கு கொஞ்சம் மேலதான் சுருங்கும். அந்த மீதி ஒரு மி.மீ.க்கு மேல இருக்கறது எங்க போகும்? எடம் இருந்தா நகந்துக்கும், இல்லைன்னா ஓட்டை ஓரத்துல விரிசலா வெளிய வரும். ஒவ்வொரு தடவை ஏறி எறங்கறப்பவும் இதே இழுப்பு.

அதனாலதான் எஃப்ஏஏ போட்ட ஏசி 43.13-1பி கையேட்டுல, காடியில சுத்தியும் கொறஞ்சது 1/8 இன்ச், அதாவது 3.2 மி.மீ., இடைவெளி விடச் சொல்றாங்க, பிளாஸ்டிக் வழியா போற போல்ட்டுக்கு ஓட்டையை 1/8 இன்ச் பெருசா போடச் சொல்றாங்க, நட்டை இறுக்கினதுக்கு அப்பறம் ஒரு முழு சுத்து திருப்பி விடச் சொல்றாங்க. புதுசா வேலைக்கு வந்த தம்பிகளுக்கு இதை செய்யறதுக்கு கையே வராது, இறுக்கி இறுக்கி பழகின கை. கம்பெனி ஸ்பேசரோ காலரோ வெச்சிருந்தா அதை அப்படியே திருப்பி போடுங்க, மிச்சம் ஆயிருச்சுன்னு டப்பாவுல போட்டு வெக்காதீங்க.

அதுக்காக இருக்கற போல்ட்டுல எதையோ போட்டா போதும்னும் இல்லை. 1990 ஜூன் 10ல பர்மிங்காம்ல இருந்து கெளம்பின பிரிட்டிஷ் ஏர்வேஸ் 5390 விமானத்துல, கிட்டத்தட்ட 17,300 அடியில முன்கண்ணாடி பிச்சுட்டு போயி கேப்டன் பாதி உடம்பு வெளிய தொங்கினாரு, நல்லவேளை பொழச்சுட்டாரு. விசாரிச்சதுல, 27 மணி நேரம் முன்னாடி மாத்தின கண்ணாடியில 90 போல்ட்டுல 84 போல்ட்டு விட்டத்துல 0.66 மி.மீ. சின்னது. அது பெரிய விமானம், வேற வகை கண்ணாடி, ஆனா போல்ட்டை கண்ணால பாத்து ஒத்து எடுக்கறது இன்னிக்கும் எல்லா ஹேங்கர்லயும் (விமானம் நிறுத்தற கொட்டகை) நடக்கறதுதான். பார்ட் நம்பர் பாத்து எடுங்க, சாமி.

ஓட்டை போடறப்ப எல்லாம் உடையுதுங்கண்ணா.

இரும்புக்கு போடற பிட்டு அக்ரிலிக்கை கடிச்சு இழுக்கும், வெளிய வரப்ப சில்லு தெறிக்கும். பிட்டோட முனையை 60 டிகிரிக்கு கூர்மையா புடிச்சு, வெட்டற விளிம்பை லேசா மழுக்கி சொரண்டற மாதிரி ஆக்கோணும். அடியில மரக்கட்டை வெச்சு, மெதுவா, நடுநடுவுல எடுத்து ஆற விட்டு போடுங்க. ஓட்டை விளிம்பையும் ரம்பம் பட்ட ஓரத்தையும் உப்புத்தாள் போட்டு வழவழன்னு ஆக்கினாத்தான் வேலை முடிஞ்சதா அர்த்தம், விரிசல் பலதும் ரம்பப் பல் வடுவுல இருந்துதான் கெளம்பும்.

வளைக்கறது எப்படி?

அக்ரிலிக்குக்கு 160 டிகிரி பக்கம் சூடு வேணும், ஓவன்ல சமமா ஏத்தோணும். நம்மூர்ல பவுடர் கோட்டிங் ஓவனை வாடகைக்கு எடுத்து பண்றாங்க, பழைய பவுடர் தூசி மேல படிஞ்சா அவ்வளவுதான், மொதல்ல நல்லா சுத்தம் பண்ணுங்க. பாலிகார்பனேட்டை வளைக்கறதுக்கு முன்னாடி 120 டிகிரியில மணிக்கணக்கா காய வெக்கோணும், இல்லைன்னா உள்ள இருக்கற ஈரம் சோடா குமிழி மாதிரி பொங்கிரும். அக்ரிலிக்கை சூடில்லாம வளைச்சு மாட்டறதா இருந்தா, வளைவோட ஆரம் தடிமனைப் போல 200 மடங்காவது இருக்கோணும், 3 மி.மீ. ஷீட்டுன்னா 600 மி.மீ.

எந்த சீலன்ட்? சிலிக்கான் அடிச்சு விட்டா போதுமா?

மேனுவல்ல சொன்னதுதான். வினிகர் வாடை அடிக்கற சிலிக்கான் அலுமினியத்தை அரிக்கும், அதை ஹேங்கருக்குள்ளயே விடாதீங்க. ஓரத்துக்கு ஃபெல்ட்டோ சரியான ரப்பர் பட்டையோ போடுங்க, சாதா பிவிசி பீடிங் போடாதீங்க, அதுல இருக்கற எண்ணெய் மாதிரி பொருள் கசிஞ்சு பிளாஸ்டிக்குக்குள்ள போகும்.

க்ரேஸிங்னா என்ன, எப்ப மாத்தோணும்?

சாயங்காலம் பொழுது எறங்கறப்ப ஜன்னலுக்கு எதுக்கால நின்னு தலையை சாச்சு பாருங்க. நேரா பாத்தா ஒண்ணும் தெரியாது, ஒரு கோணம் வந்ததும் ஜன்னல் பூரா வெள்ளி ஜரிகை இழை மாதிரி மின்னும். நகத்தை வெச்சு தேச்சா தட்டுப்படாது. அது கீறல் இல்லை, உள்ளுக்குள்ள இருந்து வந்த நுணுக்கு விரிசல். இறுக்கம், வெயில், கரைப்பான் ஆவி மூணும் சேந்து பண்றது. முக்கியமா பெயின்ட் உரிக்கறப்ப. பேப்பர் ஒட்டி மறைச்சாச்சுன்னு நெனப்பாங்க, ஸ்ட்ரிப்பர் ஆவி பேப்பருக்குள்ள பூந்து ஜன்னலை தின்னுரும். அலுமினியம் டேப்பும் பிளாஸ்டிக் படமும் போட்டு காத்து போகாம மூடோணும், முடிஞ்சா கழட்டியே வெச்சிரலாம். பைலட் எதுத்தாப்புல வெயில் பட்டு பார்வை மறைச்சா, அந்த ஜன்னல் வேலை முடிஞ்சுது, மாத்துங்க.

எதுல தொடைக்கறது?

இதுதான் நம்ம ஊர் சிக்கல். திருப்பூர் பனியன் வேஸ்ட் எல்லா ஒர்க்‌ஷாப்லயும் மூட்டையா கிடக்கும், கை தானா அதை எடுக்கும். அதுல மணலும் இரும்புத்தூளும் ஒட்டிட்டு இருக்கும், பாலியஸ்டர் நூலும் கலந்திருக்கும், ஒரு தொடை, நூறு கீறல். ஆடி மாசம் பாலக்காட்டு கணவாய் காத்து அடிக்கறப்ப புழுதி எல்லாம் ஜன்னல் மேலதான் இருக்கும், வறட்டுத் துணியில தொட்டாலே உப்புத்தாள் போட்ட மாதிரி.

மொதல்ல தண்ணியை தாராளமா ஊத்துங்க. மோதிரம், வாட்ச் கழட்டிட்டு வெறுங்கையால தடவுங்க, மணல் இருந்தா கை சொல்லிரும். அப்பறம் சோப்புத் தண்ணி, அப்பறம் தொவச்சு தொவச்சு மெத்துனு ஆன பழைய வேட்டித் துணி. மேலயும் கீழயுமா தொடைங்க, வட்டமா தொடச்சா கீறலும் வட்டமா விழுந்து வெயில்ல கண்ணு கூசும். அமோனியா கலந்த கண்ணாடி கிளீனர், தின்னர், அசிட்டோன், பெட்ரோல் ஒண்ணும் ஆகாது. பழைய டேப் பசை ஒட்டிருந்தா மண்ணெண்ணெய் தொட்டு எடுத்துட்டு உடனே சோப்புத் தண்ணியில கழுவுங்க.

கீறலை பாலிஷ் போட்டு எடுக்கலாமா? விரிசலை?

மேலாப்பல இருக்கற கீறலை நுணுக்கு தாளும் பாலிஷும் போட்டு எடுக்கலாம், ஒரே எடத்துல தோண்டினா அங்க குழி விழுந்து அந்தப் பக்கம் தெரியற ரன்வே நெளியும். விரிசல் ஓரத்துல விழுந்திருந்தா, அதோட நுனியில சின்ன ஓட்டை போட்டு நிறுத்தறது புது ஜன்னல் வர வரைக்கும் ஒரு தற்காலிக வேலை. பைலட் பாக்கற எடத்துல விரிசல்னா அதுவும் கூடாது.

மயில் மோதினா தாங்குமா?

தாங்கும்னு நம்பாதீங்க. பெரிய விமானத்து முன்கண்ணாடி 4 பவுண்டு பறவையை தாங்கோணும், பழைய பார்ட் 23ல கம்யூட்டர் வகைக்கு (சின்ன பயணிகள் விமானம்) 2 பவுண்டு, அதுக்கும் கீழ இருக்கற சின்ன விமானத்துக்கு அந்த டெஸ்ட்டே இல்லை. நம்ம பக்கம் சோளக்காட்டுல இருந்து எந்திரிக்கற ஆண் மயில் ஒவ்வொண்ணும் நாலு கிலோ அஞ்சு கிலோ இருக்குது. இதுக்கு ஷீட்டுல வழி தேடாதீங்க, ஓடுபாதை ஓரத்துல தீனி இல்லாம வெக்கறதும் பறக்கறதுக்கு முன்னாடி வெரட்டறதும்தான் வழி.

கழட்டின பழைய ஜன்னலை என்னங்க பண்றது?

புதுசு மாட்டி முடியற வரைக்கும் தூக்கிப் போட்டுராதீங்க. புது ஜன்னல் எல்லாம் ஓரம் கொஞ்சம் பெருசாத்தான் வரும், நாமதான் இழைச்சு பொருத்தோணும், அதுக்கு பழசுதான் அளவு. அதை மேல வெச்சு, பென்சில்ல கோடு போட்டு, கோட்டுக்கு வெளியவே நிறுத்தி கொஞ்சம் கொஞ்சமா இழைங்க. புது ஜன்னல் மேல ஒட்டின காப்புப் பேப்பரை வேலை முடியற எடத்துல மட்டும் உரிங்க, ஆனா உரிக்காம வெயில்ல வெச்சீங்கன்னா பசை இறுகி வரவே வராது. எல்லாம் முடிஞ்சதும் பழசை ஆழமா குறுக்கால கீறி, இதை இனி மாட்டக் கூடாதுன்னு மார்க்கர்ல எழுதி, புதுசா வந்த பசங்க கையில குடுங்க, ட்ரில் போட்டு பழகட்டும்.